முந்தி விதைத்தவள்

மகனின் முகத்தைப் பார்க்கவே அபோண்டிக்குப் பயமாக இருந்தது. ஒவீனோவின் தாடையில் கொய்யாப்பிஞ்சு போலத் தொடங்கிய வீக்கம் கன்னம் முழுக்கப் பரவிக் கண்ணைப் பிதுக்கியது. வலி விட்ட நேரங்களில் அவன் தங்கை அக்கோத்தைச் சீண்டுவான்:

"கன்னத்துல உகாலிக் களியை ஒளிச்சு வெச்சிருக்கேன். உனக்குத் தரமாட்டேனே!"

அபோண்டியின் ஓரகத்தி அவூர் முதல் நாளே காரணம் சொல்லிவிட்டாள்.

"இது சீராங்கிற சாபம்தான். மூத்தவன் வீட்டுல விதை இறங்கறதுக்கு முந்தி நீ சோளம் ஊன்னியே, சேமே ஊர்லேருந்து வந்தவளே! முறை தப்பினா பிள்ளையைத்தானே உருக்கும்?"

உண்மைதான். மழை பெய்துவிட்டது, கணவனின் அண்ணன் கிசுமு நகரிலிருந்து வரவில்லை, ஈரம் காயுமுன் ஊன்றிவிட்டாள். 'நானேதான் கொல்கிறேனா?' முறை தப்பிய வீட்டுக்கான வேர்க் கஷாயத்தைப் பையனுக்குப் புகட்டிக் காத்திருந்தார்கள். கட்டி காத்திருக்கவில்லை.

கடைசியில் அவளும் கணவன் ஊக்கோவும் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். டாக்டரும் அவர்களைப் போல லுவோ இனப் பெண்தான். தாடையைத் தொட்டதும் அவள் முகம் மாறியது.

"புத்துநோய்ம்மா. வேகமா வளரும். மருந்து போட்டா வேகமாவே கரையும். ஏன் இவ்வளவு தாமதம்?"

"நான் முந்தி விதைச்சுட்டேன், டாக்டர்."

"முந்தி விதைச்சா சோளம் முந்தி முளைக்கும். கட்டி முளைக்காது. எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான்."

ஊக்கோ மகனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினான்.

முதல் ஊசிக்கே கட்டி மெழுகாய்க் கரைந்தது. ஒவீனோ மீன் கேட்டான். அடுத்த ஊசிக்குப் போனபோது ஆஸ்பத்திரி மருந்து அலமாரி காலி. மருந்து லாரி வரவில்லையாம். அது புது மருந்துமல்ல, அரிய மருந்துமல்ல. பணக்கார நாடுகளில் இதே கட்டி வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். சோளம் ஊன்றியவளின் பிழைக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அலமாரியைக் காலியாக விட்டவர்களின் பிழைக்குப் பெயரே இல்லை.

மகன் விழிக்குமுன் அபோண்டி விரலால் அவன் தாடையைத் தடவுவாள். ஒரு காலை, கடினமாக ஏதோ தட்டியது. கையை இழுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் உண்மையாகிவிடும் என்பதுபோல. லாரி வருவதற்குள் ஒவீனோ அவள் மடியிலேயே போய்விட்டான். வீட்டு முற்றத்தில் புதைத்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்ததும் அவூர் அதே வேர்க் கஷாயத்தைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

"இதை அக்கோத்துக்குக் குடு. அடுத்தது அவதான்."

அபோண்டி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பொய்யென்று அறிவு சொன்னது. பயம் கேட்கவில்லை. கிண்ணத்தை வாங்காமல் மகளை இடுப்பில் தூக்கினாள்.

"எங்கடி போறே?"

"ஆஸ்பத்திரிக்கு. தாடையைத் தொட்டுப் பாக்கச் சொல்லப்போறேன்."

"நல்லா இருக்கிற பிள்ளையையா? பைத்தியக்காரி!"

"நல்லா இருக்கும்போதேதான்க்கா போகணும்."

தெருவில் இறங்கி நடந்தாள். அக்கோத்தின் கன்னம் தோளில் உரசிக்கொண்டே வந்தது. அதைக் கையால் தொட்டுப் பார்க்க மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை.