சிவப்பு வைத்த பத்து விரல்கள்

அப்பா செய்த அறுபத்தோரு பெடல் ஸ்டீல் கிட்டார்களில் எதிலும் மந்திரம் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவர் இறந்த பிறகு அந்தச் சொல்லை இருபது பேராவது என்னிடம் சொல்லிவிட்டார்கள். கைராசி என்றார்கள், வரம் என்றார்கள். மரத்தோடு பேசுவார் என்று ஒருவர் சொன்னார். அப்பா மரத்தோடு பேசி நான் பார்த்ததில்லை. எங்களோடு பேசுவதே அளந்துதான்.

பார்த்திராதவர்களுக்கு: அது நாலு கால் வைத்த குறுகலான மேசை மாதிரி இருக்கும். மேலே பத்துக் கம்பிகள். வாசிப்பவர் முன்னால் உட்கார்ந்து, இடக்கையில் ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் நகர்த்தி, வலக்கையால் மீட்டுவார். கீழே மிதிகள் இருக்கும். ஒன்றை அழுத்தினால் ஒரு தண்டு இழுக்கும்; கம்பியின் நுனியைப் பிடித்திருக்கும் அலுமினியத் துண்டு சற்றே திரும்பும்; சுரம் வழுக்கிக்கொண்டு மேலே போகும். காலை எடுத்தால் பழைய இடத்துக்கு இறங்கி வர வேண்டும். அந்த அலுமினியத் துண்டுக்கு விரல் என்று பெயர். கம்பிக்கு ஒன்றாகப் பத்து விரல்கள் ஒரே அச்சில் கோத்திருக்கும். விரலின் துளை அச்சைவிடத் துளி பெரிதாகிவிட்டால், சுரம் திரும்பி வரும்போது வழி தவறிப் பக்கத்தில் எங்கேயோ நின்றுவிடும்.

அப்பாவின் ஆயுள் அந்தத் துளையில்தான் போனது.

பகலில் பம்பு தொழிற்சாலையில் லேத் வேலை. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘மறுபடி’. யார் எதைச் செய்து கொண்டுவந்து காட்டினாலும் அவர் வாயிலிருந்து வருகிற ஒரே சொல் அதுதான். ஒருநாள் அவருடைய நண்பர் தன் பழுதான கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேடைகளில் வாசிப்பவர், நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பா அதைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “இதைச் செஞ்சவன் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு செஞ்சிருக்கான்” என்றார். அதற்குப் பிறகு முப்பத்திரண்டு வருடம், வேலை விட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான்.

அவருக்குப் பாடவும் வராது, வாசிக்கவும் வராது. சுரம் திரும்பி வந்ததா என்பது மட்டும் கேட்கும். அம்மா உட்கார்ந்து மிதியை அழுத்தி விடுவாள். அப்பா காதைக் கிட்டே வைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு மிதிக்கும் இருநூறு தடவை. அம்மா மடியில் பட்டாணியை வைத்து உரித்துக்கொண்டே எண்ணுவாள். நூற்றெழுபதாவது தடவை கம்பி தவறினாலும் எல்லாவற்றையும் கழற்றுவார்.

விரலின் துளைக்கு அவர் வைத்திருந்த வரம்பு, மில்லிமீட்டரை நூறாக்கினால் அதில் இரண்டு பங்கு. மூன்று வந்தால் அதன் தலையில் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு. சிவப்பு என்றால் ரிஜெக்ட். எந்தப் பட்டறையிலும் அதுதான் அர்த்தம். “இந்த வீட்டுல ரிஜெக்ட் ஆகாதது நான் ஒருத்திதான். அதுவும் அவர் இன்னும் அளந்து பாக்கல” என்பாள் அம்மா. உங்கள் கிட்டாரில் ஆன்மா இருக்கிறது என்று வாங்க வந்த ஒருவர் உருகியபோது அப்பா நிமிராமலே, “அப்படி எதுவும் நான் போடலையே, போட்டிருந்தா பில்லுல எழுதியிருப்பேன்” என்றார்.

நான் வேறொரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். சிவப்பு வைத்ததை அன்றைக்கே வெட்டிப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது தெரியாமல் எடுத்துப் பூட்டிவிடுவார்கள் என்பது எங்கள் விதி. அப்பாவிடம் பல தடவை சொன்னேன். “என் கொட்டகையில என்னைத் தவிர யாரு பூட்டப்போறா?” என்பார். கடைந்தால் வேறு எதற்காவது ஆகும் என்று துணியில் சுற்றி டப்பாவில் போட்டு வைப்பார்.

மூன்று மாதமாக நெஞ்சு வலித்திருக்கிறது. வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கம்பி மயிரிழை தவறினால் கண்டுபிடிக்கிறவர். அறுபத்திரண்டாவது கிட்டாருக்கு விரல்கள் மட்டும்தான் பாக்கி, முடித்துவிட்டு டாக்டரைப் பார்க்கிறேன் என்றாராம். பத்து விரல்கள் செய்து பத்துக்கும் சிவப்பு வைத்திருந்தார். பதினோராவது விரல் லேத்தில் இருந்தபோது விழுந்தார்.

இரண்டு வாரம் கழித்து வாசிப்பவர்கள் சங்கத்தின் செயலாளர் வந்தார். கடைசிக் கிட்டாரைத் தாங்களே முடித்து இசைப் பள்ளியில் வைக்க ஆசைப்படுவதாகச் சொன்னார். நான் கொட்டகைச் சாவியைக் கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கூடப் போகவில்லை. உள்ளே நுழைய எனக்குத் தெம்பில்லை. எதையும் பார்க்காமல் விடாதே என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அஞ்சலிக் கூட்டம் ஒரு ஞாயிறு காலை, இசைப் பள்ளியின் மாடி அறையில். அறுபது நாற்காலி. மேடையில் கிட்டார். முன்வரிசையிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது: வலது நுனியில் வரிசையாகப் பத்துச் சிவப்புப் புள்ளிகள். அழியாமலிருக்க மேலே வார்னிஷ் வேறு தடவியிருந்தார்கள்.

செயலாளர் பேசினார். அந்த மேதை தன் கடைசிப் படைப்புக்கென்று பத்து விரல்களைத் தேர்ந்தெடுத்து, துணியில் பொதிந்து, தன் முத்திரையும் இட்டுப் போனார் என்றார். ஒரு பட்டறை இதையே மாதிரியாக வைத்து, ஒவ்வொரு துண்டையும் அளந்து, அவர் பெயரிலேயே இருபது கிட்டார் செய்யப்போகிறது என்றார். கைதட்டினார்கள்.

மாமா உட்கார்ந்து வாசித்தார். இரண்டாவது பாட்டில் நடு மிதியை அழுத்தி விட்டார். மூன்றாவது கம்பியின் சுரம் எழும்பியது, இறங்கியது.

“வரலை” என்றாள் அம்மா, என் பக்கம் திரும்பாமலே.

அடுத்த தடவையும் வரவில்லை. மாமா இரும்புத் துண்டைச் சாய்த்துச் சாய்த்துச் சுரத்தை ஒப்பேற்றினார். முடித்ததும் எழுந்து நின்று தட்டினார்கள். நான் மேடையேறினேன்.

“மாமா, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. சமாளிச்சுட்டேன்ல. விடும்மா, எல்லாரும் அவர் பேருக்காக வந்திருக்காங்க.”

“அவர் பேருக்காகத்தான் நானும் மேலே வந்தேன்.”

மைக்கை வாங்கி, சிவப்பு முத்திரை இல்லை, ரிஜெக்ட் என்றேன். பத்துமே அப்பா கழித்தவை, இவற்றை அளந்து செய்தால் இருபது கிட்டாரும் இப்படித்தான் தவறும் என்றேன். செயலாளர் குனிந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அவர் வேண்டாம்னு ஒதுக்கினதே இப்படிப் பேசுதுன்னா, அவர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு பாத்துக்கோங்க.”

மறுபடியும் கைதட்டினார்கள். முன்பைவிடப் பலமாக.

அவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. அழுது புகழ ஒரு மேதை தேவைப்பட்டார். ஒரு வேலையைச் சரியில்லை என்று சொல்லத் தெரிந்த மனிதரை எடுத்துவிட்டு, தொட்டதெல்லாம் பொன்னாகிற ஒரு ஆளை அங்கே உட்காரவைத்தார்கள். நான் மாமாவின் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தேன். எல்லார் முன்னாலும் கம்பிகளைத் தளர்த்தி, அச்சை உருவி, விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். யாரும் தட்டவில்லை.

“இது சங்கத்துக்குக் கொடுத்ததும்மா” என்றார் செயலாளர், மைக் இல்லாமல்.

அம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள். “கிட்டாரை வெச்சுக்கோங்க. அவர் வேணாம்னதை நாங்க எப்படிக் குடுக்கிறது?” என்று சொல்லிக் கைப்பையைத் திறந்து பிடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உடைகூட மாற்றாமல் கொட்டகைக்குப் போனேன். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் முதல்முறை. லேத்தில் பதினோராவது துண்டு அப்படியே கவ்வியிருந்தது. நான் ரம்பத்தை எடுத்தேன். கையோடு வந்த பழக்கம், வெட்டும் முன் ஒவ்வொன்றின் துளையையும் கேஜ் வைத்து அளந்தேன். மூன்று, நான்கு, மூன்று, ஐந்து. முதல் ஒன்பதும் வரம்புக்கு வெளியே. ஒன்பதையும் துளையின் குறுக்கே வெட்டிப் போட்டேன்.

பத்தாவது ஒன்றரை காட்டியது.

துடைத்துவிட்டு அளந்தேன். திருப்பி வைத்து அளந்தேன். ஒன்றரைதான். உயரம் அப்பாவின் வரைபடத்தில் இருக்கிறபடி. கீறல் இல்லை, பிசிர் இல்லை. எனக்குத் தெரிந்த எந்தக் கணக்கின்படியும் அது நல்ல விரல். அதன் தலையிலும் சிவப்பு இருந்தது. கை தவறி வைத்தாரா, நான் அளக்கத் தெரியாத ஏதாவது அவருக்குத் தெரிந்ததா, நெஞ்சு வலியில் கேஜைத் தப்பாகப் படித்தாரா? இருபது பேர் வந்து அவரைப் பற்றி என்னிடம் பேசினார்கள். இதைக் கேட்க ஒருவரும் இல்லை.

அம்மா வாசலில் நின்று என்ன யோசனை என்றாள்.

“இது சரியா இருக்கும்மா.”

கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “அவர் சரியில்லன்னுல்ல வெச்சிருக்காரு.”

“ஏன்னு தெரியல.”

“என்கிட்ட மட்டும் சொல்லிட்டா போனாரு?” என்று திருப்பிக் கொடுத்தாள்.

அதை வைஸ் பிடியில் வைத்து இறுக்கினேன். அலுமினியம் மிருதுவானது. வெட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.