ஒப்புக்கொடுத்த அழுக்குத் தண்ணீர்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பிறகு லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், பந்தல் போடும் கூலி. எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. பட்டினி கிடந்திருக்கிறேன், அது பழகிவிடும். ஆனால் ஒருவன் முறைத்தால் போதும், கிளம்பிவிடுவேன். ஈக்காட்டுத்தாங்கலில் பைக் கழுவும் வாட்டர் சர்வீஸில் சேர்ந்த அன்று மனைவி சொல்லிவிட்டாள்: "இத்தையும் வுட்டுட்டு வந்தியானா கதவ தொறக்க மாட்டேன்." விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

எனக்கு எதிரே நின்று கழுவுகிறவர் என்னைவிட மூத்தவர். தண்ணீர் பீய்ச்சும் கன்னைப் பிடித்தால் எதையும் பார்க்க மாட்டார். செயினில் பட்டுத் தெறிக்கும் கிரீஸ் தண்ணீர் எல்லாம் என் முகத்தில்தான்.

"அண்ணாத்தே, பாத்து அடி!"

"இன்னா நைனா, நீ சக்கரக் கட்டியா? கரைஞ்சி பூடுவியா?"

மூன்றாவது வாரம் முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி மயிலாப்பூர் சர்ச்சுக்குப் பூசைக்கு இழுத்துப் போனாள். எனக்கு ஜெபம் என்றால் ஒப்புக்கு உதட்டை அசைப்பது. பிரசங்கம் நீண்டதால் பெஞ்சில் கிடந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கள் ஆட்கள் சிறுமலர் என்று கூப்பிடும் புனிதையின் கதை. கையில் ரோஜாவோடு நிற்கும் சுரூபத்தைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பூவைப் பிடித்துக்கொண்டு நிற்பவளுக்கு என்ன கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். படித்தால், மடத்தில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள்! எதிரே துவைக்கிற கன்னியாஸ்திரி தெறிக்கவிடும் அழுக்குத் தண்ணீர் எல்லாம் இவள் முகத்தில். அவளுக்கு உறைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக் காட்டலாமா என்று இவளுக்கும் தோன்றுகிறது. செய்யவில்லை. அந்தத் தண்ணீரையே கடவுளுக்குக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்துவிட்டாள்.

அட, நம்ம தொழில்! எழுந்து கத்தியிருப்பேன், மனைவி தொடையில் கிள்ளிவிட்டாள். ஒப்புக்குச் செய்வது வேறு, ஒப்புக்கொடுப்பது வேறு. இத்தனை வருஷம் அது தெரியாமலே முட்டி போட்டிருக்கிறேன்!

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் நின்றேன். சேறு அப்பிய ஸ்கூட்டர் ஒன்று வந்தது. சளாரென்று சேற்றுத் தண்ணீர் முகத்தில் அடித்தது.

"ஒப்புக்கொடுக்கிறேன்!" சத்தமாகவே வந்துவிட்டது.

"இன்னாத்த குடுக்கிற?"

"இந்தத் தண்ணிய."

"யாருக்கு?"

மேலே கை காட்டினேன். அவர் அண்ணாந்து மொட்டைமாடியைப் பார்த்தார். "அங்க டேங்க் ஏற்கெனவே ரொம்பி வழிஞ்சிக்கினு கீது நைனா."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அவர் திருந்தவில்லை. இன்றும் தெறிக்கிறது. கண்ணை மூடாமல், கையில் பிரஷ்ஷோடு நாளெல்லாம் ஜெபிக்கிறேன். பாதி நேரம் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும், அதையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். ஒன்றரை வருஷமாக அதே வேலை, எனக்கே நம்ப முடியவில்லை. வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது. குளிக்காமல் உள்ளே வராதே என்று மட்டும் கத்துகிறாள்.