பக்கத்துக் கம்பெனி மட்டும் தெரிந்த லேப்டாப்

ஓசூரில் நான் வேலை பார்த்த பிரஸ் ஷாப்புக்கும் பக்கத்து பிரஸ் ஷாப்புக்கும் நடுவில் ஒரே ஒரு காம்பவுண்டு சுவர். இரண்டும் ஒரே பைக் கம்பெனிக்குத் தகடு வெட்டி, வளைத்து, பாகம் செய்து கொடுத்தன. அதனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனோடு டீக்கடையில் நின்று பேசினால்கூட எங்கள் மேனேஜருக்குப் பிடிக்காது.

நான் டை டிசைனர். தகட்டை அடிக்கும் அச்சுக்கு வரைபடம் போடுவது என் வேலை. கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரில் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அமெரிக்காவில் இருந்த என் மைத்துனர் லீவில் வந்தபோது எனக்கு ஒரு லேப்டாப் கொண்டுவந்தார். மேனேஜரிடம் கேட்டுத்தான் அதைக் கம்பெனிக்குள் எடுத்துப்போனேன். அவரும் தாராளமாகச் சரி என்றார். அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் மிச்சம்.

ஆபீஸ் கேபிளை எலி கடித்துக் கடித்து வைத்ததால் தலைமை அலுவலகம் வயர்லெஸ் போட முடிவெடுத்தது. அப்போது எங்களுக்கெல்லாம் அது புதுசு. பெங்களூரிலிருந்து ஐ.டி. ஆள் வந்து ரௌட்டரைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். மற்றவர்களுடைய கம்ப்யூட்டரில் கம்பெனி நெட்வொர்க் வந்தது. என்னுடையதில் வரவில்லை. ஆனால் பக்கத்துக் கம்பெனியுடைய நெட்வொர்க் வந்தது. எதிரே இருந்த லாரி ஆபீஸுடையதும் வந்தது. அவை பாஸ்வேர்டு கேட்டன, அதோடு சரி. பெயர் மட்டும் வரிசையில் தெரியும்.

அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு வர வேண்டிய ஒரு பிராக்கெட் ஆர்டர் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர்கள் விலையைக் குறைத்துக் கொடுத்திருந்தார்கள். வேறு காரணம் கிடையாது. மேனேஜருக்கு அந்தக் காரணம் போதவில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். மறுநாள் காலைக் கூட்டத்தில், மொத்த ஷிப்டும் நிற்கும்போது கேட்டார்.

"ஏம்ப்பா, உன் லேப்டாப்புல அவங்க கம்பெனி தெரியுது, நம்ம கம்பெனி தெரியல. இது என்ன கணக்கு?"

பின்வரிசையில் ஒருவன், "சம்பளம் எங்க வருதோ அங்கதான் டவர் கிடைக்கும்" என்றான். சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

அன்றைக்கே என் வரைபடங்களை இன்னொரு டிசைனரிடம் கொடுத்துவிட்டார்கள். என்னை ஸ்டோருக்கு அனுப்பி போல்ட் எண்ணச் சொன்னார்கள். சாயங்காலம் கேட்டில் என் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள். டிபன் பாக்ஸையும் திறந்தார்கள். "தயிர் சாதத்துல டிராயிங் ஒளிச்சு வெக்க முடியாதுண்ணே" என்றேன். வாட்ச்மேன் கன்னடக்காரர். "நான் ஏன் மாட்லி சார், ஆர்டர்" என்றார். என்ன செய்வது என்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை.

லேப்டாப்பைப் பாகலூர் ரோட்டில் ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். வைரஸ் என்றான். ஃபார்மட் செய்தான். கம்பெனிக்குக் கொண்டுவந்து பார்த்தால் அதே கதைதான். பிறகு வயர்லெஸ்ஸை ஓட்டும் டிரைவர் சாஃப்ட்வேர் சரியில்லை என்று புதிதாகப் போட்டுக் கொடுத்தான். அப்போதும் பக்கத்துக் கம்பெனி பளிச்சென்று தெரிந்தது. எங்கள் கம்பெனியைக் காணோம். வாரம் ஒருமுறை வரும் ஐ.டி. ஆள் கையை விரித்தார்.

"ரௌட்டர் சரி இருக்கு சார். எல்லாருக்கும் பர்த்தா இருக்கு. நிம்ம லேப்டாப்தான் சரி இல்லா." எல்லாருக்கும் வருகிறதாம், என்னுடையதில்தான் கோளாறாம்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் என் கூடப் படித்த நண்பன் வீட்டுக்குப் போனேன். சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவன் வீட்டிலும் வயர்லெஸ் போட்டிருந்தான். அதுவும் என் லேப்டாப்பில் வரவில்லை. மாடி வீட்டுக்காரனுடையது வந்தது.

"ஏன்டா, உன் லேப்டாப்புக்கு எங்க வீட்டோடயும் சண்டையா?" என்றான்.

அவன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சோற்றுக் கையைக் கழுவிவிட்டு ரௌட்டர் செட்டிங்கைத் திறந்தான். சேனல் பதிமூன்று என்று இருந்தது. ஆறு என்று மாற்றினான். என் லேப்டாப்பில் அவன் வீடு வந்தது. மறுபடி பதிமூன்று வைத்தான். போய்விட்டது. நெட்டில் தேடிப் படித்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். ரேடியோ மாதிரி வயர்லெஸ்ஸுக்கும் சேனல்கள் உண்டு. நம் நாட்டில் பதிமூன்று வரை ஓடும். அமெரிக்காவில் பதினொன்றோடு சரி. அங்கே விற்ற லேப்டாப் அதற்கு மேல் தேடவே தேடாது. இவ்வளவுதான். இதற்காக நான் போல்ட் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஐ.டி. ஆள் வந்த நாளில், சேனலை மாற்றிப் பார்க்கலாம் என்று மேனேஜரைக் கூப்பிட்டேன். ஐ.டி. ஆளுக்கு விருப்பமில்லை. பக்கத்துக் கம்பெனி சிக்னல் இடிக்கக் கூடாதென்றுதான் பதிமூன்று வைத்தாராம். மேனேஜர் சொன்னதால் மாற்றினார். என் திரையில் எங்கள் கம்பெனி பெயர் வந்து நின்றது. மேனேஜர் குனிந்து பார்த்தார். "சரி, விடு" என்றார்.

"விட முடியாது சார். எல்லாரும் இருக்கும்போது கேட்டீங்க. எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க."

"சின்னப் பிள்ளை மாதிரி பேசாதப்பா. சொல்றேன், போ."

மறுநாள் காலைக் கூட்டத்தில் உற்பத்தி எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று படித்தார். கடைசியாக, "வயர்லெஸ் பிரச்சினை முடிஞ்சுது" என்றார். முடிந்த பிரச்சினையைப் போர்டில் எழுதுவது எங்கள் வழக்கம். எழுதினார். பிரச்சினை: நெட்வொர்க் வரவில்லை. காரணம்: சொந்த லேப்டாப். பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயர்.

நான் முன்னால் போய் டஸ்டரை எடுத்து என் பெயரை அழித்தேன்.

"என்ன பண்றே?"

"இதுல என் பேர் வராது சார்."

"அப்புறம் யார் பேரைப் போடறது?"

"அது உங்களுக்குத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என் கையிலிருந்து டஸ்டரை வாங்கி அந்த வரி முழுவதையும் அழித்தார். இன்னொரு டிசைனரைப் பார்த்து, "அவன் படத்தை அவன்கிட்டயே குடுத்துரு" என்றார். பிறகு அன்றைய டார்கெட்டைச் சொல்லப் போய்விட்டார்.

தப்பாக நினைத்துவிட்டேன் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. எனக்கு அது போதவில்லை. ஆனால் வேலை என்னுடையது. படங்களை வாங்கிக்கொண்டு போய் என் மேசையில் உட்கார்ந்தேன்.