குன்றிமணி அளவில் ஒரு பொட்டு

எழுபதாம் வருடம், ஐப்பசி மாதம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மொட்டைமாடி ஒற்றை அறையில் நான் குடியிருந்த காலம். ஐந்து வருடம் ஓவியம் படித்து வாங்கிய பட்டயத்தைச் சுவரில் மாட்டலாமென்றால், ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அது டிரங்குப் பெட்டிக்குள் வேட்டிகளுக்கு அடியில் கிடந்தது.

என்னோடு படித்தவர்கள் விளம்பரக் கம்பெனி, பத்திரிகை, சினிமா செட்டு என்று ஆளுக்கொரு இடத்தில் ஒட்டிக்கொண்டார்கள். நான் எதிலும் ஒட்டவில்லை. யாராவது நான் வரைந்த கோட்டைத் திருத்தினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற சுபாவம் எனக்கு. அப்படிப்பட்டவனுக்கு எத்தனை பேர் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள்? கடைசியில் கை கொடுத்தவர் தி.நகரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த ஒரு பாய்தான். போட்டோவைக் கொடுத்தால் ஆயில் பெயிண்டில் பெரிதாக வரைந்து தரவேண்டும். வாடிக்கைக்காரர்களிடம் அவர் பேசிக்கொள்வார், நான் அந்தப் பக்கமே வரவேண்டாம். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. இந்த வேலை செய்கிறேன் என்று வெளியே தெரிவதில் எனக்கு அவ்வளவு வெட்கம்.

வரைந்ததெல்லாம் இறந்துபோனவர்களை. அந்தத் தொழிலில் போட்டோ கைக்கு வந்தால் ஆள் போயாச்சு என்றுதான் அர்த்தம். வேறு மாதிரி ஒரு ஆர்டர்கூட அதுவரை எனக்கு வந்ததில்லை.

பகலெல்லாம் இறந்தவர்களோடு இருந்துவிட்டு, சாயங்காலம் காபி குடிக்க லஸ் பக்கம் நடப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசித்துப் பார்த்தேன். அன்று முழுக்க நான் வாய் திறந்து பேசியது மூன்றே வார்த்தை: "ஒரு காபி. ஸ்ட்ராங்கா." வெட்கப்படாமல் சொல்கிறேன், அன்றைக்கு அறைக்கு வந்து அழுதேன். வடக்கே ஒரு ஆலையில் குமாஸ்தா வேலை இருக்கிறது, வந்து சேர் என்று என் அக்கா வீட்டுக்காரர் இரண்டு கடிதம் போட்டிருந்தார். சரி, தீபாவளி முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று முடிவெடுத்து அவருக்குப் பதிலும் எழுதிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பாய் இரண்டு போட்டோக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தெற்கத்திக்காரர்கள், தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள், அப்பா அம்மாவை ஜோடியாக வரைய வேண்டும், அவ்வளவுதான் விவரம். அப்பா போட்டோவில் முப்பது வயதுகூட இருக்காது. அம்மா படம் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில், கடைசி வரிசையில் ஓரமாக இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது, வெறும் நெற்றி.

ஜோடிப் படத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேருக்கும் வயதைப் பொருந்த வைக்க வேண்டும். பிறகு, விதவையாக இறந்த அம்மாவாக இருந்தாலும் படத்தில் பொட்டு வைத்துவிட வேண்டும். அங்கே போய் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே இருக்கிறார்கள் என்பது பாயின் விளக்கம். அந்தப் பொட்டை எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகத்தான் வைப்போம்.

பன்னிரண்டு நாள் அந்த முகத்தோடு இருந்தேன். ஐம்பது வயது முகத்துக்குள்ளிருந்து இருபத்தைந்து வயது முகத்தைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. கன்னத்தை நிரப்பினேன், கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தேன். காதில் ஜிமிக்கி போட்டேன். மெஸ்ஸிலிருந்து வாங்கிவந்த சாப்பாட்டை அந்தப் படத்தின் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். மழை, ரசத்தில் உப்பு, அக்கா வீட்டுக்காரரின் கடிதம் என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடிக்கிறதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. ஆனால் அதுவரை நான் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம், அது எனக்கே தெரிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் நெற்றியில் பெரிய வட்டமாகக் குங்குமப் பொட்டு வைத்து முடித்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குள் படம் வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார். பாய்க்கு அது தொழுகைக்குப் போகிற நேரம்.

"இன்னா நைனா, இன்னைக்கு ஒருநாள் நீயே குட்த்துட்டு வந்துடேன்" என்றார். படத்துக்குச் சட்டம் போட்டு, தன் வழக்கப்படி ஒரு சந்தன மாலையையும் இலவசமாக மாட்டி, சைக்கிள் ரிக்‌ஷாவில் என்னை ஏற்றிவிட்டார். மழை ஈரத்தில் பொட்டு காயவே இல்லை. மேலே போர்த்திய துணி அதில் பட்டுவிடாமல் வழியெல்லாம் தூக்கிப் பிடித்துக்கொண்டே போனேன்.

மாடி வீடு. கதவைத் திறந்த அம்மாளைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். அதே புருவம், அதே மோவாய், வெறும் நெற்றி. இறந்துபோனவரின் தங்கை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். துக்க வீட்டில் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேச வேண்டும் என்கிற நல்ல புத்தி எனக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் வரவேண்டுமா?

"உங்க அக்கா படம் கொண்டு வந்திருக்கேம்மா. அவங்க முகம் அப்படியே உங்களுக்கு" என்றேன்.

அந்த அம்மாள் துணியை விலக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அந்தச் சந்தன மாலையைக் கழற்றி, மடித்து, ஜன்னல் கட்டையில் வைத்தார்.

"எனக்கு அக்கா கிடையாது, தம்பி" என்றார்.

அதற்குள் மகன் உள்ளேயிருந்து வந்துவிட்டார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். அவர் திட்டியதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம், அத்தனைக்கும் நான் தகுதியானவன்தான். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லையாம். அம்மாவுக்குத் தெரியாமல் வரையச் சொல்லி, அவர் கண்ணெதிரே மாட்டி ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறார். அம்மா உயிரோடு இருக்கிறார் என்று அவர் சொல்லவில்லை. யாராவது அதைத் தனியாகச் சொல்வார்களா? நானாவது கேட்டிருக்கலாம். பன்னிரண்டு நாளில் ஒருதரம் அந்த ஜவுளிக்கடைக்குப் போய், இந்த அம்மா யார் என்று விசாரித்திருந்தால் போதும். அந்த வேலையில் வெளியே முகம் காட்ட எனக்குத்தான் வெட்கமாயிற்றே.

படத்தைத் தூக்கிக்கொண்டு போ என்று மகன் கத்தினார். அந்த அம்மாள் அவரைக் கடைக்குப் போகச் சொன்னார். இரண்டாவது தடவை சொன்னதும் போய்விட்டார்.

அந்த அம்மாள் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். கணவரைப் பார்த்ததைவிடத் தன்னைத்தான் அதிக நேரம் பார்த்தார். படத்தில் இருக்கிற இந்த வயசில் என்னை யாருமே போட்டோ எடுத்ததில்லை, நீ எங்கே பார்த்து வரைந்தாய் என்று கேட்டார். ஜிமிக்கி இதைவிடச் சின்னது என்றார். கணவர் போய் இருபத்து நாலு வருஷம் ஆகிறது, அப்போது இவன் மூன்று வயசுப் பிள்ளை என்றார். பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஆயில் பெயிண்டை அது கரைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

பொட்டை அழித்துவிடச் சொன்னார்.

கைக்குட்டையை மண்ணெண்ணெயில் நனைத்தேனே தவிர, கை எழவில்லை. உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் நெற்றிப் பொட்டை, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் எப்படி அழிப்பேன்? என் அறைக்கு எடுத்துப்போய் அழித்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"இங்கயே அழி. அன்னைக்கு அழிக்கும்போது ஒரே கூப்பாடு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு நாலு பேரு. இன்னைக்காவது சத்தமில்லாம நடக்கட்டும்" என்றார்.

அழித்தேன். சிவப்பு முழுசாகப் போகவில்லை. லேசான ரோஸ் நிறத்தில் ஒரு கறை தங்கிவிட்டது. தோல் நிறத்தை அதன்மேல் பூசி மறைத்துத் தருகிறேன் என்றதற்கு, இருக்கட்டும் என்றார். என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவர் அழவில்லை.

பொட்டு ரொம்பப் பெரிசு என்றார் கொஞ்சம் கழித்து. தான் எப்போதும் குன்றிமணி அளவுக்குத்தான் வைப்பாராம். "நான் போன பொறவு நீயே வந்து சின்னதா வச்சிரு, என்ன?"

நான் அடுத்த மாதம் இந்த ஊரையும் இந்தத் தொழிலையும் விட்டுவிட்டு வடக்கே போகிறேன் என்று சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எனக்கு யாரு வைப்பா?"

கெஞ்சுகிற குரல் இல்லை அது. பெற்ற பிள்ளை இருக்கிறார், கடை இருக்கிறது, வீடு நிறைய சாமான்கள் இருக்கின்றன. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் என்னைவிடத் தனியாக இருந்தார். அதுவரை உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாயிடம் போய் நடந்ததைச் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். "உசுரோட கீறவங்களுக்கு மாலை போட்டுட்டோமே நைனா." அன்றைக்கே அவரிடம் சொல்லிவிட்டேன், இனி எந்தப் படமானாலும் அந்த வீட்டாரை நான் நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் தூரிகையைத் தொடுவேன் என்று. முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். வடக்கே வரவில்லை என்று அக்கா வீட்டுக்காரருக்கும் எழுதிப் போட்டேன். அவர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

அந்த அம்மாளுக்காகத்தான் தங்கினேனா, தங்குவதற்கு ஒரு சாக்கு கிடைத்ததென்று தங்கினேனா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வேலை மாறியது. கோபாலபுரம், அபிராமபுரம், அடையாறு என்று வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டேன். போனவர் சிரிப்பாரா, எந்தக் காதைச் சொறிவார், வெற்றிலை போடுவாரா என்றெல்லாம் கேட்பேன். ஜனங்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் சொல்வார்கள். என் கோட்டைத் திருத்தச் சொன்னால் திருத்தினேன். மூக்கு இப்படியில்லை என்று ஒரு பெண்மணி ஆறு தடவை சொன்னார், ஆறு தடவையும் மாற்றினேன். மெல்ல உயிரோடு இருப்பவர்களும் தங்களை வரையச் சொல்லி வந்தார்கள். நான்கைந்து வருஷத்தில் கீழே தெருவைப் பார்த்த ஒரு அறைக்கு மாறி, போர்டு எழுதி மாட்டினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறைக்குத் திரும்பினால் அதே அமைதிதான், அது மட்டும் மாறவில்லை.

தி.நகர் போனால் சில சமயம் அந்தத் தெரு வழியாக நடப்பேன். மாடியில் அந்த அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்தால் ஒருதரம் தலையை அசைப்பார். நானும் அசைப்பேன். மேலே ஏறிப் போனதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை. இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறேன் என்று தெரிவித்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

எழுபத்தொன்பது மாசியில் ஒருநாள் காலை, அந்த மகன் மொட்டையடித்த தலையோடு என் வாசலில் வந்து நின்றார். அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணாச்சி, அம்மா உங்ககிட்ட ஏதோ சொல்லி வச்சிருக்காங்களாம்ல" என்றார்.

ஒரு மெல்லிய தூரிகையையும் ஒரு சிவப்பு டியூபையும் எடுத்துக்கொண்டு அவரோடு போனேன். எட்டு வருஷமும் படம் அம்மாவின் அறையில், அவர் படுக்கைக்கு எதிரேதான் இருந்திருக்கிறது. அந்த ரோஸ் கறை அப்படியே இருந்தது. பெரிசாக, லட்சணமாக வையுங்கள் என்று மகன் சொன்னார். அம்மா சொன்ன அளவு எனக்குத் தெரியும் என்றேன். அவர் அழுதுகொண்டே வெளியே போய்விட்டார்.

அறையில் நானும் அந்த முகமும் மட்டும்தான் இருந்தோம், முன்னே பன்னிரண்டு நாள் இருந்தது போல. மழையைப் பற்றியும் ரசத்தைப் பற்றியும் சொல்ல இந்தத் தடவை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "வந்துட்டேம்மா" என்று மட்டும் சொல்லி, கறையின் நடுவில் குன்றிமணி அளவுக்கு ஒரு புள்ளி வைத்தேன்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷங்கள் இந்தத் தொழிலிலேயே சாப்பிட்டு, இந்த ஊரிலேயே வயதாகிவிட்டேன். ஆனால் எனக்காக ஒருத்தர் காத்திருக்கிறார் என்ற நினைப்போடு நான் வாழ்ந்தது அந்த எட்டு வருஷம் மட்டும்தான்.