இல்மாவின் பெயரில் ஒரு லைசென்ஸ்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஏரிக்கரை ஊர் ஒன்றில், சாக்கடைக்கோ தண்ணீருக்கோ குழாய் பதிக்கத் தெருவைத் தோண்ட வேண்டுமானால், தேர்வெழுதித் தேறிய ஒருவர் பெயரில் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்மா கோர்ட்டெலாவின் குடும்பக் கம்பெனியில் அது கணவர் ரெய்னோவின் பெயரில் இருந்தது. அவர் இறந்ததும் லைசென்ஸும் அவரோடு போய்விட்டது. தோண்டும் இயந்திரம் கொட்டகையில் சும்மா கிடந்தது.

"வித்துடும்மா. இந்த வயசுல உனக்கெதுக்குச் சாக்கடை?" என்று தூரத்து ஊரிலிருந்து மகள் போனில் சொன்னாள்.

இல்மா விற்கவில்லை. குளிர்காலம் முழுக்கச் சமையலறையில் தனியே உட்கார்ந்து, குழாயின் சாய்வையும் ஆழத்தையும் பற்றி வாய்விட்டுப் படித்தாள். அந்த வீட்டில் வேறு பேச்சுக்குரல் கிடையாது. தேர்வில் தேறினாள்.

பனி உருகியதும் முதல் வேலை வந்தது. பள்ளத்தை மூடுமுன் நகராட்சி இன்ஸ்பெக்டர் வேன்ஸ் உள்ளே இறங்கி, அவள் பதித்த குழாயின் ஒவ்வொரு இணைப்பையும் தடவிப் பார்த்தார்.

"ரெய்னோவைத் திட்டின மாதிரி உங்களையும் நாலு திட்டு திட்டலாம்னு ஆசையா வந்தேன், இல்மா. இடமே குடுக்கலையே! பள்ளத்தை மூடிக்குங்க."

"ஃபிளாஸ்க்ல காபி இருக்கு. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்களேன்."

"அடுத்த தெருவுல இன்னொரு பள்ளம் காத்துக்கிட்டிருக்கே!"

அவர் போய்விட்டார். இயந்திரம் ஓட்டியவனும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கிளம்பினான். இன்ஸ்பெக்டர் சொன்னதை ரெய்னோவிடம் சொல்ல முடிந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்தபடி, இல்மா புதுமண்ணின் ஓரத்தில் தனியாக நின்று காபியைக் குடித்தாள். மறுநாள் காலை, அடுத்த வேலைக்கு அனுமதி வாங்க நகராட்சிக்குப் போனாள்.