அப்பாவின் எச்சிலும் எங்கள் பச்சை வெளிச்சமும்

புற்றுநோயை ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் ஒளிரும் துகள்களைச் செய்வது என் உத்தியோகம். கண்ணுக்குத் தெரியாத கார்பன் நானோ பொடிதான். எச்சிலில் கலந்து ஊதா விளக்கில் காட்டினால், கெட்டுப்போன செல் இருந்தால் பச்சையாக மின்னும். மின்ன வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லும் எனக்கு, வலியசாலையில் எங்கள் வீட்டிலேயே நாள் முழுக்கப் புகையிலை அடக்கிக்கொண்டிருந்த அப்பாவின் வாயைத் திறக்கவைக்க முடியவில்லை.

"எச்சலைக் குப்பியில பிடிச்சுக் கொண்டுபோவாளா? நாலு பேர் தொடற எடம், கேட்டியோ!"

எனக்குப் புற்று பயம், அவருக்குத் தீட்டு பயம். நான் சாப்பிடாமல் கிடந்து அடம்பிடித்த பிறகு, ஒரு நாள் காலையில் பெரிய தானம் செய்கிற முகத்தோடு குப்பியை நீட்டினார்.

லேபில் துகளைக் கலந்து விளக்கின் கீழ் வைத்தேன். ஐயோ! குப்பி முழுக்கப் பச்சையாக எரிந்தது. அன்று சாயங்காலமே அப்பாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன். நானோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு டார்ச். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது என்று துளி வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

மறுநாள் லேபில் என்னோடு வேலை பார்க்கும் தோழி, சரிபார்க்கத் துகள் கலக்காத மீதி எச்சிலை விளக்கில் காட்டினாள். அதுவும் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"அப்பா, துப்பறதுக்கு முன்னாடி என்ன பண்ணினேள்?"

"அழுக்கு வாயோடயா குடுப்பா? மஞ்சப்பொடி போட்டு நன்னாக் கொப்பளிச்சேன்."

மஞ்சள் அந்த விளக்கில் தானாகவே மின்னும். இத்தனை வருஷம் படித்து நாங்கள் செய்த துகளை ரசம் வைக்கிற பொடி தோற்கடித்துவிட்டது. வெறும் வாயோடு மறுபடி துப்பச் சொல்லி வாங்கிவந்து, எங்கள் துகளைக் கலந்து பார்த்தேன். ஒரு மினுக்குக்கூட இல்லை. அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று லேபிலேயே குதித்தேன்.

அந்த வாரக் கடைசியில் டாக்டரிடமிருந்து ரிப்போர்ட் வந்தது. புற்றுதான். ஆரம்பநிலை, வெட்டி எடுத்தால் போதும் என்றார்.

எடுத்தாயிற்று. தையல் போட்ட வாயோடு அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எம் பொண்ணோட லைட்டுதான் கண்டுபிடிச்சுது" என்று குழறுகிறார். உண்மையைச் சொல்லிப் பார்த்தேன், காதிலேயே வாங்கவில்லை. இரண்டாவது குப்பி இன்னும் லேபில்தான் இருக்கிறது. அது முதலில் வந்திருந்தால், அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன்.