அம்மாவின் பக்கத்துச் சோறு

முதலில் கண்ணில் பட்டது வியர்வைதான். மார்கழிக் குளிரில் ஆஸ்பத்திரித் தாழ்வாரமே விறைத்துக் கிடந்தது. தள்ளுகட்டிலில் கிடந்த அம்மாவின் ரவிக்கையைப் பிழிந்து எடுக்கலாம் போல இருந்தது. கைகள் நடுங்கின. முதியோர் இல்லத்திலிருந்து அவளைக் கொண்டுவந்த பெண் சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"தெரியல மிஸ். சாப்பிட வரல்ல. பிறகு விழுந்து கெடந்தாங்க."

ஹைப்போகிளைசீமியா என்றார்கள் (இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது). இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சோறு கொடுக்காமல் விட்டால் இது வரும். உயிரும் போகலாம். குளுக்கோஸ் ஏறிய பிறகு அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். உடனே இறுக மூடிக்கொண்டாள்.

காது கேளாதவர்களோடு வாழாதவர்களுக்கு இது விளங்காது. நமக்குக் கோபம் வந்தால் கதவை அறைந்து சாத்துவோம். அம்மா கண்ணை மூடுவாள். அதன் பிறகு கடவுளே வந்தாலும் அவளிடம் ஒன்றும் சொல்ல முடியாது.

அம்மா புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சிறு வயதில் வந்த மெனிஞ்சைட்டிஸ் (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வரும் அழற்சி) இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. கொழுந்து பறித்தாள், கல்யாணம் கட்டினாள், எங்களை வளர்த்தாள். அவளுடைய சைகை மொழி எங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். கூப்பிட வேண்டுமானால் மேசையில் உள்ளங்கையால் ஓங்கி அடிப்போம். அதிர்வு கைக்குப் போனதும் திரும்புவாள்.

கண்டி மஹய்யாவையில் எங்கள் வீடு படிக்கட்டுகளின் உச்சியில் இருக்கிறது. சர்க்கரை நோயால் காலில் விரல்களை எடுத்த பிறகு அவளால் ஏறி இறங்க முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கணவர் வெளிநாட்டில். பார்த்துக்கொள்ள வந்த பெண்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. பெற்ற தாயை அநாதை மாதிரிக் கொண்டுபோய்த் தள்ளப் போகிறாயா என்று கொழும்பிலிருந்து தம்பி கேட்டான். சரி, நீ கூட்டிக்கொண்டு போ என்றேன். லைன் கிளியர் இல்லை என்றான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருப்பான். அவனுக்குப் பதில் சொல்வதில் பலத்தை வீணாக்காதீர்கள்.

பிறகு இல்லம் இல்லமாக அலைந்தேன். ஒரு இடத்தில் காதுக்கு மெஷின் போட்டுக் கூட்டிவரச் சொன்னார்கள். செத்துப்போன நரம்புக்கு மெஷின் உதவாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. இன்னொரு இடத்தில் அம்மாவின் முகத்துக்கு நேரே எச்சில் தெறிக்கக் கத்திவிட்டு, இவருக்குப் புத்தி சரியில்லை என்றார்கள். கண்டிக்கு மேலே ஒரு குன்றில், பளபளக்கும் தரையும் ரோஜாத் தோட்டமுமாக இருந்த இல்லத்தில்தான் சிரித்துக்கொண்டே சேர்த்தார்கள். காது கேட்காது என்று மேட்ரனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

"வயசானா எல்லாருக்கும் அப்படித்தானே. இவங்க சத்தம் போட மாட்டாங்க, எங்களுக்கும் லேசு" என்றாள் மேட்ரன்.

அந்தச் சொல்லிலேயே நான் அம்மாவைத் திருப்பிக் கூட்டிவந்திருக்க வேண்டும். ரோஜாவைப் பார்த்து ஏமாந்தேன்.

அன்று ஆஸ்பத்திரி வாட்டுக்கு ஒரு இளம் டொக்டர் வந்தார். முகத்தில் மாஸ்க். பெயர் என்ன, இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று கேட்டார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வாயை மறைத்துக்கொண்டு யார் பேசினாலும் தலையாட்டிவிட்டால் தொல்லை ஓய்ந்துவிடும் என்பது அவள் ஆயுள் முழுக்கக் கற்ற பாடம். டிமென்ஷியாவாக இருக்கலாம் (நினைவும் புத்தியும் மெல்ல மெல்லக் குறையும் நோய்) என்று அவர் எழுதினார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

"டொக்டர், அவங்களுக்குச் சின்ன வயசுலயே காது போயிருச்சு. பைத்தியம் இல்ல. கொஞ்சம் நில்லுங்க, நான் கேக்கிறேன்."

கட்டில் சட்டத்தில் உள்ளங்கையால் அடித்தேன். அம்மா வேண்டாவெறுப்பாகக் கண்ணைத் திறந்தாள். என்ன நடந்தது என்று சைகையில் கேட்டேன். வயிற்றில் ஊசி குத்துவதுபோல் காட்டினாள். குவித்த விரல்களை வாய்க்குக் கொண்டுபோனாள், பாதி வழியில் கையை விரித்து வெறுங்கையைக் காட்டினாள். அதையே மறுபடியும் செய்தாள். ஒரு நாள் கதை இல்லை, பல நாள் கதை என்று அர்த்தம். டொக்டர் மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, எழுதியதை வெட்டினார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

உடுப்பு எடுக்க இல்லத்துக்குப் போனபோது பகல் மணி அடித்தது. பெரிய வெண்கல மணி. தடிகளை ஊன்றிக்கொண்டு எல்லாரும் சாப்பாட்டறைக்கு நடந்தார்கள். வராதவர்களைத் தேடி யாரும் போகவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. ஊசி அறைக்கு வந்தது, சோறு வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரி எழுந்து போவதை அம்மா பார்த்த நாளில் சாப்பிட்டிருக்கிறாள். பார்க்காத நாளில் பட்டினி.

"மணி அடிச்சா வரணும். அது இங்க சட்டம். வராட்டி பசி இல்லன்னு விட்டுருவோம்" என்றாள் மேட்ரன்.

"காது கேக்காதவங்களுக்கு மணி அடிச்சீங்களா?"

"அப்ப வேற எப்படிக் கூப்பிடுறது?"

அவள் உண்மையாகவே என்னிடம்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்ட பெண்ணாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

அதன் பிறகு போன இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டேன். நீங்களும் இதைத்தான் கேளுங்கள், தோட்டத்தையும் தரையையும் பார்க்காதீர்கள். ஒருவர் சாப்பிட வராவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலானவர்கள் முறைத்தார்கள். ஒருத்தி, நீங்கள் இன்ஸ்பெக்டரா என்று கேட்டாள்.

கலகெதரவில் ஒரு முஸ்லிம் விதவை தன் பெரிய வீட்டில் சில முதிய பெண்களை வைத்துப் பார்க்கிறார் என்று உடன் படிப்பிக்கும் ஆசிரியை சொன்னாள். சந்தேகத்தோடுதான் போனேன். எல்லாரும் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டார்கள். அவர்கள் வழக்கில் தாத்தா என்றால் அக்கா. சுவரில் பாசி, தரையில் வெடிப்பு. நான் போன நேரம் பகல் சாப்பாடு. வட்ட மேசைகளில் சஹன் வைத்திருந்தார்கள். சஹன் என்றால் பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தட்டு. என் கேள்வியைக் கேட்டேன். தாத்தாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"வராட்டி அவங்கட பக்கத்துச் சோறு அப்பிடியே ஈக்கும், மகள். எல்லார்ட கண்ணுக்கும் தெரியும். ஆள் வாறவரைக்கும் மத்தவங்க கை வெக்க மாட்டாங்க. மணி என்னத்துக்கு?"

நான் விடவில்லை. அம்மா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள் என்றேன். அவங்கட சஹனில் மீன் வைப்போம் என்றார். மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஊசி போட வேண்டும் என்றேன். சரி என்றார். தம்பி போனில், முஸ்லிம் வீட்டிலா, ஒரே தட்டிலா என்று கத்தினான். லைன் கிளியர் இல்லை என்றேன்.

சனிக்கிழமைகளில் போவேன். அம்மா சதை பிடித்திருந்தாள். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் என்னைக் கண்டதும் கண்ணை மூடினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும். பஸ்ஸில் திரும்பும்போது அழுதிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன்.

நானும் மாறிப்போனேன். முன்பெல்லாம் பள்ளிக்கூட மணி அடித்தால் அடுத்த பாடம் என்று மட்டும் நினைப்பேன். இப்போது கண் வரிசையில் ஓடி, யார் வரவில்லை என்று தேடுகிறது.

போன சனிக்கிழமை பஸ் பிந்திவிட்டது. நான் போனபோது சஹனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் கண் மூடுவதைப் பார்க்க விரும்பாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். சோற்றில் ஆவி பறந்தது. ஒருத்தரும் கை வைக்கவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா மேசையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். தண்ணீர்க் கோப்பைகள் குலுங்கின. அவள் அடித்து, நான் கூப்பிடப்பட்டது அதுவே முதல் தடவை. கடுகடுவென்ற முகத்தோடு தனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த கதிரையைக் காட்டினாள். பிறகு அதற்கு நேரே தொடாமல் கிடந்த சோற்றைக் காட்டினாள்.

போய் உட்கார்ந்தேன். எல்லாரும் கை வைத்தார்கள். அம்மா மீனில் முள் எடுத்து என் பக்கமாகத் தள்ளிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.